அம்மாவுக்கு இரண்டு என்று எழுதினேன்

1997 கோடையில் என் அம்மாவின் பேருக்கு நேராக இரண்டு என்று எழுதினேன். இரண்டு என்றால் ‘இல்லை’. ஒன்று என்றால் ‘ஆம்’. ஒன்பது என்றால் ‘பதில் சொல்லவில்லை’. பதினேழாவது கேள்வி அது. ‘கடந்த மூன்று மாதங்களில் தங்கள் பிறப்புறுப்பில் ஏதேனும் உபாதை இருந்ததா?’ டாக்டரம்மா வாசித்தார். அம்மா சேலை முந்தியைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்றாள். பக்கத்தில் அட்டையும் தாளுமாக நின்ற நான் கட்டத்துக்குள் இரண்டு போட்டேன்.

பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

எங்க ஊர் கீரனூர், பழனி தாலுகா. இன்றைக்குத் திண்டுக்கல் மாவட்டம், 1985 வரைக்கும் மதுரை மாவட்டம். பேருக்குப் பேரூராட்சி. ஊருக்குள்ளே சாயபுமார் தெருக்கள் உண்டு, கீரனூர் ஜாகிர்ராஜா அந்த வாழ்க்கையை நாவல்களாக எழுதிவிட்டார். கவுண்டர் வீதி உண்டு. அதெல்லாம் தாண்டி, காட்டு ஓரத்தில் எங்க வளவு. அதை நாங்கதான் எழுதணும். சக்கிலியர் வளவு என்று ஊர் சொல்லும். அருந்ததியர் என்று சர்ட்டிபிகேட் சொல்லும். ஆண்கள் பண்ணையத்துக்குப் போனார்கள். பெண்கள் விடிவதற்கு முன்னால் கவுண்டர் வீட்டுக் கட்டுத்தரையில் சாணி வழித்துக் கூடையில் சுமந்து குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, அதற்கப்புறம் வெங்காயக் காட்டுக்கோ பருத்திக் காட்டுக்கோ போனார்கள்.

நான் பன்னிரண்டாவது பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தேன். மேலே படிக்க வழியில்லை. பழனியில் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த அக்கா ஒருத்தர், பெண்கள் உடல்நலம் பற்றி ஆய்வு நடக்கப்போகுது, உள்ளூர்ப் பிள்ளைங்க வேணுமாம், நாளைக்கு நாற்பது ரூபாய் என்றார். அம்மா நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும் இருபது ரூபாய் தேறாது. ஓடிப்போய்ச் சேர்ந்தேன். நடத்தியது நகரத்தில் உள்ள ஒரு பெரிய நிறுவனம். பேர் வேண்டாம். அங்கே இருந்தவர்களில் பலர் பிற்பாடு நல்ல காரியம் செய்தார்கள், நானும் அவர்களிடம்தான் தொழில் கற்றேன்.

எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். கேள்வியை மாற்றக் கூடாது, விளக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. தாளில் இருக்கிற மாதிரியே வாசிக்கணும். எல்லாருக்கும் ஒரே கேள்வி ஒரே மாதிரி போனால்தான் கணக்கு சரியாக வரும் என்று புள்ளிவிவரக்காரர் சொல்லிக் கொடுத்தார். அது எனக்கு அப்போது பெரிய நியாயமாகப் பட்டது. எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று எங்க ஊரில் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. டீக்கடையில் கிளாஸ் கூட ஒரே மாதிரி இல்லை.

ஆனால் தாளில் ஒரே மாதிரி இருந்தது, உட்கார்ந்த இடத்தில் ஒரே மாதிரி இல்லை. டாக்டரம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் ஊருக்குள்ளே ஒரு கவுண்டர் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்திருந்தார்கள். நிழல், மின்விசிறி, மோர். அவர்களுக்கு ஊர் தெரியாது, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கவுண்டர் வீதிப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள், உள்ளே அறைக்குள் போய் ரகசியமாகவும் சொன்னார்கள். எங்க வளவுப் பெண்கள் வாசலுக்கு வெளியே, வெயிலில், நின்றுகொண்டு பதில் சொன்னார்கள். அந்த வீட்டம்மா நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கட்டுத்தரையில்தான் அம்மா சாணி வழித்தாள்.

வெள்ளைப்படுது என்று அங்கே நின்று சொன்னால் என்ன ஆகும்? ‘வெட்டைச் சீக்கு’ என்பார்கள். எங்க பொம்பளைங்க ஒழுக்கத்தைப் பற்றி ஊருக்கு எப்பவுமே ஒரு கதை தேவைப்படும். அடி இறங்குது என்று சொன்னால்? ‘அப்பறம் கூடையை எப்படித் தூக்குவே’ என்று மறுநாள் வேறு ஆளை வைப்பார்கள். அம்மா ஒரு நொடியில் இத்தனையும் கணக்குப் போட்டுத்தான் ‘ஒண்ணுமில்லீங்க’ என்றாள். படிக்காதவள், ஆனால் புள்ளிவிவரக்காரரை விட வேகமாகக் கணக்குப் போடுவாள்.

அன்றைக்கு ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கைச் சின்னதாக வைத்துக்கொண்டு அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். தினமும் பார்ப்பதுதான். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி, விளக்கெண்ணெய் தொட்டு, இறங்கி வந்ததை உள்ளே தள்ளி, கோமணம் மாதிரி இறுக்கிக் கட்டிக்கொள்வாள். நான் மூன்றாவது பிள்ளை. நான் பிறந்த பதினோராம் நாள் சாணிக்கூடையைத் தூக்கினாளாம். ‘அன்னிக்கு என்னமோ அத்துக்கிட்டு எறங்குன மாதிரி இருந்துச்சு’ என்பாள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. பதினெட்டு வருஷமாக அவள் தன் கர்ப்பப்பையைத் துணியால் தாங்கிக்கொண்டு சாணி சுமந்திருக்கிறாள்.

விளக்கைத் தணித்துவிட்டுக் கேட்டாள்: ‘என் பேருக்கு நேரா என்ன கண்ணு எழுதுனே?’

‘ரெண்டுன்னு எழுதுனேன். ரெண்டுன்னா இல்லைன்னு அர்த்தம்.’

‘நல்லதாப் போச்சு’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘உனக்குத் தெரியும்ல?’ என்றாள். நான் தூங்கிவிட்ட மாதிரி படுத்திருந்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து நகரத்தில் கூட்டம். களப்பணியாளர்களும் வரணும் என்று பஸ் காசு கொடுத்திருந்தார்கள். நீளமான மேசை. ஒருபுறம் மருத்துவர்கள், ஒருபுறம் புள்ளிவிவரக்காரர், எதிரே சமூகவியல் படித்த ஒரு அம்மா. நாங்கள் நாலு பேர் சுவரோரம் பெஞ்சில். பல துறைகள் கூடிச் செய்யும் ஆய்வு என்று ஆரம்பத்தில் ஒருவர் பேசினார். எனக்குத் துறை என்றால் மின்சாரத் துறை, பொதுப்பணித் துறைதான் தெரியும்.

முடிவைச் சொன்னார்கள். எங்க பகுதியில் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களுக்குப் பெண்ணுறுப்புக் கோளாறுகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கின்றன. ஒரு பெரிய டாக்டர் யோசித்துவிட்டு, ‘உழைக்கிற உடம்பு இல்லையா, உறுதியா இருக்கும்’ என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். அடிமை வேலைக்கு இப்படியும் ஒரு சர்ட்டிபிகேட் கிடைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சமூகவியல் அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: ‘எங்கே உட்கார்ந்து கேட்டீங்க?’

யாரும் பேசவில்லை. எனக்குக் கால் நடுங்கியது. எழுந்து நின்று, ‘நாங்க உக்காரலீங்க, நின்னோம்’ என்றேன். அப்புறம் வாயைத் திறந்தபிறகு நிற்கவில்லை. திண்ணை, வெயில், நிலைப்படியில் சாய்ந்த வீட்டம்மா, எல்லாம் சொன்னேன். ‘எங்கம்மாவுக்கு நான்தான் ரெண்டு போட்டேன். அது தப்புங்க. அவளுக்கு ஒண்ணு’ என்றேன். எங்களோடு திண்ணையில் கேள்வி கேட்ட டாக்டரம்மா முகத்தை மூடிக்கொண்டார்.

புள்ளிவிவரக்காரர் ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். தாளில் பதிவானதை இப்போது திருத்தக் கூடாது, வேண்டுமானால் அளவீட்டுப் பிழை என்று குறிக்கலாம் என்றார். என் அம்மா பிழை ஆனாள்.

ஆனால் அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லணும். அடுத்த வாரம் கீரனூருக்குத் தனியாகப் பஸ் ஏறி வந்தவர் அவர் மட்டும்தான். வளவிலிருந்து அந்தத் திண்ணை வரைக்கும் என்னோடு நடந்தார். போகிற வழியில் எந்த இடத்தில் எங்க பெண்கள் செருப்பைக் கழற்றுவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். திரும்பிப் போய், வளவுப் பெண்களை வளவிலேயே, வளவுப் பெண்களே, வளவுப் பேச்சிலேயே மறுபடி கேட்கணும் என்று எழுதிக் கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே கேள்வி என்று சொல்லிக் கொடுத்த அதே ஆள். நாங்கள் ‘பிறப்புறுப்பில் உபாதை’யைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘அடி இறங்குதா அக்கா? வெள்ளை படுதா? வேலைக்கு நடுவுல துணி மாத்த எங்க போறே?’ என்று கேட்டோம். இல்லை என்றவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அறிக்கையில் அது கடைசியில் பின்னிணைப்பாக வந்தது. அதுவரைக்கும் வந்ததே பெரிசு.

இதை நான் பிற்பாடு படித்த ஆய்வுகளோடு வைத்துப் பார்க்கிறேன். மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்கிற பழங்குடிப் பகுதியில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதி இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பெண்களுக்கு ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. ஒருத்திக்குச் சராசரி மூன்றரைக்கும் மேலே. ஆனால் தனக்குக் கோளாறு இருக்கிறது என்று வாயால் சொன்னவர்கள் 55 சதவீதம்தான். அதற்கு முன்னால் இந்தச் சோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் 8 சதவீதம். அதுவரைக்கும் ஏழை நாட்டுப் பெண்களின் உடல்நலம் என்றாலே பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும்தான். எங்க உடம்பு பிள்ளை பெறுகிற நேரத்தில் மட்டும் அரசாங்கத்துக்குக் கண்ணில் படும். நர்சம்மா வளவுக்கு வந்தால் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார் என்று பெண்கள் காட்டுக்குள் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கட்சிரோலிக் கணக்கு வந்தபிறகு உலகம் பூராவும் கேள்வி மாறியது.

வாயால் கேட்டால் போதாது, பரிசோதிக்கணும் என்பது ராணி பங் காட்டிய வழி. பரிசோதித்தாலும் போதாது, அந்தப் பெண்ணே கேள்வியை எழுதணும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழி இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் 1981இல் தொடங்கிய ரூரல் விமன்ஸ் சோஷியல் எஜுகேஷன் சென்டர். தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிராமங்களின் தலித் பெண்கள். அவர்களோடு பொருளாதாரம் படித்த டி.கே. சுந்தரி ரவீந்திரன். அவரும் அந்த அமைப்பைச் சேர்ந்த சாவித்திரியும் பவானியும் சேர்ந்து, கர்ப்பப்பை இறங்கிய பெண்கள் தங்கள் வாயால் சொன்ன அனுபவங்களை வைத்து 1999இல் ஒரு ஆய்வு எழுதினார்கள். அதைப் பற்றி முதன்முதலாக ஒரு பயிற்சி முகாமில் தெரிந்துகொண்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா மூலையில் விளக்கைத் தணித்துவிட்டுச் செய்ததற்கு ஒரு ஆய்வுத் தலைப்பு இருக்கிறதா!

அதே இடத்திலிருந்து சுந்தரியும் பாலசுப்பிரமணியனும் 2004இல் கருக்கலைப்பு பற்றி எழுதினார்கள். கருவைக் கலைக்கும் உரிமையைப் பெண் பயன்படுத்துகிறாள். ஆனால் வீட்டுக்குள் புருஷனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவளுக்கு இல்லை, அதனாலேயே திரும்பத் திரும்பக் கலைக்க வேண்டி வருகிறது. ஒரு டாக்டர் மட்டும் பார்த்தால் இது கருக்கலைப்பு எண்ணிக்கை. சட்டம் படித்தவர் மட்டும் பார்த்தால் உரிமை கிடைத்துவிட்டது. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மேசையில் இருந்தால்தான் இரண்டுக்கும் நடுவே இருக்கிற ராத்திரி தெரியும்.

இனி எங்க மாவட்டத்துக்கே வருகிறேன். நம் இயக்கத் தோழர்கள் பலருக்கே இது தெரியாது. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ சமூக சுகாதார மையமும், பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிற சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் மற்றவர்களும் சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். சங்கரநாராயணன், எஸ்மி, ராஜ்குமார், சுவாமிநாதன், ஜேக்கப் செரியன் போன்றவர்கள் பேரில் 2007இல் ‘லான்செட்’டில் வந்தது. 30 வயதிலிருந்து 59 வயது வரைக்கும் உள்ள பெண்கள். கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் 57க்குப் பரிசோதனை, 57 ஒப்பீட்டுக்கு.

பரிசோதனை என்றால் பெரிய மெஷின் இல்லை. நம் வீட்டு ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடி இருக்கிறதே, அதில் இருக்கிற அசிட்டிக் அமிலம்தான், 4 சதவீதம். பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். இதைப் பார்த்தது டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற நர்சுகள். புற்றாக மாறுவதற்கு முன்னாலேயே அந்த இடத்தை உறையவைத்து அழிக்கலாம். 49,311 பெண்களைக் கூப்பிட்டதில் 2000த்திலிருந்து 2003க்குள் 31,343 பேர் வந்தார்கள். 2006 முடிய ஒப்பிட்டுப் பார்த்ததில், பரிசோதனைக் கிராமங்களில் இந்தப் புற்று 25 சதவீதம் குறைந்திருந்தது. சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே ஒரு தடவை காடி தடவிப் பார்த்ததற்கு!

நர்சு, நோய்க்குறியியல் பார்ப்பவர், கணக்குப் போடுபவர், புற்றுநோயைப் பதிவேட்டில் பதிகிறவர், வீடு வீடாகப் போய்க் கூப்பிட்ட ஆள், இத்தனை பேர் ஒரு நூலில் கோத்து நின்றால்தான் இது நடக்கும். ஒரு துறை மட்டும் செய்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் முற்றிய புற்றோடு வந்தவர்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதை நான் மனசாரச் சொல்கிறேன். ஆய்வு என்றாலே எங்களைச் சுரண்டத்தான் என்று பேசுகிற தோழர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

ஆனாலும் இந்தத் தாளில் இரண்டு எண்கள் எனக்குத் தூக்கம் வரவிடாது. 49,311இலிருந்து 31,343ஐக் கழியுங்கள். 17,968. கூப்பிட்டும் வராதவர்கள். ஆய்வுத் தாளில் அவர்கள் ‘பங்கேற்காதவர்கள்’. எனக்கு அவர்கள் முகம் தெரிகிற மாதிரி இருக்கிறது. களை எடுப்புச் சமயத்தில் முகாம் வைத்தால் கூலியை விட்டுவிட்டு யார் வருவது? முகாம் நடக்கிற இடத்துக்குள் அவள் எந்த வாசல் வழியாகப் போவது? மாதவிலக்கு நின்றுபோன ஐம்பது வயசுக்காரியிடம் ‘அங்க’ காட்டச் சொன்னால், ஒரு நோவும் இல்லாதபோது எதற்குக் காட்டுவது என்று நினைப்பாளா மாட்டாளா? இது புத்தி கெட்டதனம் இல்லை. வாழ்நாள் பூரா மற்றவன் பார்வையிலிருந்து உடம்பை ஒளித்து வைத்துத்தான் அவள் பிழைத்திருக்கிறாள்.

இன்னொரு எண் 92. ஒப்பீட்டுக் கிராமங்களில் 30,958 பெண்கள். அங்கே காடிப் பரிசோதனை இல்லை. வழக்கமாகக் கிடைக்கிற வைத்தியம்தான், அதாவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. 158 பேருக்குப் புற்று வந்தது, 92 பேர் செத்தார்கள். பரிசோதனைக் கிராமங்களிலும் 83 பேர் செத்தார்கள், ஆனால் அங்கே பெண்கள் தொகை அதிகம். ஒப்பிடாமல் நிரூபிக்க முடியாது, நிரூபிக்காமல் அரசாங்கம் அசையாது என்பார்கள். அந்த வாதம் எனக்குப் புரியும், நானும் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் மூன்று இடத்து ஆய்வுகளைப் பற்றியும் வெளிநாட்டு மருத்துவர்களே அறம் சார்ந்த கேள்வி கேட்டு எழுதினார்கள். பதிலும் வந்தது. நான் கேட்பது அதைவிடச் சின்னக் கேள்வி. குலுக்கல் போட்ட மேசையில் இந்த 30,958 பேரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், ‘எங்க ஊருக்கு எந்த வருஷம் வருவீங்க?’ என்று முதலில் கேட்டிருப்பாள். அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் துறை இல்லை, புள்ளிவிவரத்தில் துறை இல்லை.

நிரூபித்தபிறகு என்ன ஆனது? தமிழ்நாட்டில் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, அப்புறம் மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இந்தப் பரிசோதனை வந்தது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒரு தடவையாவது இதைச் செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. மற்ற மாநிலத்தைப் பார்த்து நாம் பெருமைப்படலாம். பத்தில் ஒன்பது பேர் இன்னும் திண்ணைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

அம்மா கதையை முடிக்கவில்லை. கூட்டம் முடிந்த மாதத்திலேயே அந்த டாக்டரம்மா வளவுக்கு வந்தார். எங்க வீட்டுக் கயிற்றுக் கட்டிலில், சேலையைத் திரையாகக் கட்டி, அம்மாவைப் பரிசோதித்தார். வளவு பூரா வாசலில் கூடி நின்றது. ஒரு டாக்டர் எங்க கட்டிலில் உட்கார்ந்து எங்க உடம்பைத் தொட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இறக்கம் முற்றிவிட்டது, அறுவை செய்யணும், செய்தால் சரியாகிவிடும், பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் செய்யலாம் என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் சொன்னார்: ‘மூணு மாசத்துக்கு வெயிட் எதுவும் தூக்கக் கூடாதும்மா.’

அம்மா சிரித்தாள். ‘மூணு மாசங்களா?’

அவ்வளவுதான். அடுத்து இரண்டு வருஷம் அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் அந்தக் கட்டுத்தரையில் நின்றது. அவள் போகாத நாளுக்கு வட்டி ஏறும். டாக்டரம்மா இரண்டு தடவை எழுதினார், ‘ஏன் வரவில்லை, பயமா?’ என்று. பயமில்லை. அந்த மூன்று மாதம் எந்தத் துறையில் வருகிறது என்று எனக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. மருத்துவம் அதை ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொள்ளும். பொருளாதாரம் அதைக் கூலி இழப்பு என்று எழுதும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்று வக்கீல் சொல்வார். எங்க வீட்டில் அது ஒரு சாணிக்கூடை, அதை யார் தூக்குவது என்பதுதான்.

கடைசியில் நான் தூக்கினேன். 2000த்தில் அந்த ஆய்வு வேலையும் முடிந்திருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த அன்றைக்கு விடிகாலையில் நான் கட்டுத்தரைக்குப் போனேன். அட்டையும் தாளும் பிடித்த கையில் சாணி. அந்த வீட்டம்மா நிலைப்படியில் நின்று, ‘படிச்ச புள்ளை’ என்றார். பரிதாபமா, நக்கலா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. தொண்ணூறு நாள். முதுகு எந்த இடத்தில் இழுக்கும், கூடையை இடுப்பிலிருந்து தலைக்கு ஏற்றும்போது அடிவயிறு எப்படித் தள்ளும் என்பதை என் உடம்பே படித்துக்கொண்டது. பிற்பாடு எத்தனையோ பயிற்சிக்குப் போனேன். பெண்கள் உடல்நலத்தில் நான் உருப்படியாகக் கற்றது அந்தத் தொண்ணூறு நாளில்தான்.

இன்றைக்கு நான் களப்பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். மருத்துவர்கள், மானுடவியல்காரர்கள், கணக்குப் போடுகிறவர்கள் எல்லாரையும் ஒரு அறையில் உட்கார வைத்தால் முதல் நாள் பூரா வார்த்தைச் சண்டையிலேயே போகும். ஒருவருக்கு ‘நோய்’, ஒருவருக்கு ‘அனுபவம்’, ஒருவருக்கு ‘மாறி’. நான் சண்டையை நிறுத்தமாட்டேன். அவரவர் தாளை எடுத்துக்கொண்டு அவரவர் ஊருக்குப் போகாமல் அங்கேயே சண்டை போட்டால் நல்லதுதான். ஆனால் அந்த அறையில் கூலிக்குப் போகிற இரண்டு பெண்களாவது சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கணும் என்பேன். டீ கொடுக்க இல்லை. ‘அவங்களுக்கு எந்தத் தலைப்பில் சம்பளம் போடுவது?’ என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் அதே சண்டை.

போன வருஷம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி மாணவி கீரனூர் வந்தாள். நம்ம பிள்ளைதான், வேடசந்தூர் பக்கம், அவள் அம்மா நூற்பாலைக்குப் போகிறவள். கையில் தாள் இல்லை, டேப்லெட். அம்மாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். ஆபரேஷனுக்கு அப்புறம் கட்டுத்தரைக்குப் போகவில்லை, நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், இப்போது அதுவும் முடியவில்லை. மாணவி கயிற்றுக் கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள். வயது. அம்மாவுக்குத் தெரியாது. ‘நீ முதல்ல சொல்லு கண்ணு, உங்கம்மா மில்லுல நின்னுக்கிட்டே வேலையா, உக்காந்தா? எத்தினி மணி நேரம்? நடுவுல வெளிய போக விடுவாங்களா?’ என்றாள். அந்தப் பிள்ளை பதில் சொன்னாள். அம்மா அடுத்தது கேட்டாள்.

நான் காப்பி போட்டுக்கொண்டு வந்து பார்க்கும்போது டேப்லெட் அணைந்து மடியில் கிடந்தது. பதினேழாவது கேள்விக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. ‘ராத்திரி இங்கேயே இரு, காலையில எழுதிக்கலாம்’ என்று அம்மா பாய் எடுக்கப் போனாள்.